மரபணு கிடைத்துவிட்டது, வேலை முடியவில்லை: நாய்களின் தண்டுவடச் சிதைவு நோயும் ஆராய்ச்சிப் பணமும்

"அதுக்குத்தான் டெஸ்ட் வந்துடுச்சே டாக்டர், இன்னும் எதுக்கு ஆராய்ச்சி, எதுக்கு நன்கொடை?"

நாய் வளர்ப்பவர்களும் பிரீடர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. கேட்பதில் தவறில்லை. டிஜெனரேட்டிவ் மைலோபதி (சுருக்கமாக டி.எம்.) என்ற தண்டுவடச் சிதைவு நோய்க்கு மரபணுப் பரிசோதனை இருக்கத்தான் செய்கிறது. கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சுக் குச்சியால் தேய்த்து ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும், முடிவு வந்துவிடும். ஆனால் அந்த முடிவு எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்று தெரிந்தவர்கள் மிகக் குறைவு. அதனால்தான் பரிசோதனை விற்பனைக்கு வந்ததும் கதை முடிந்தது என்று பலர் நினைத்துவிடுகிறார்கள். நோயின் பாதிக் கேள்விகள் அதற்குப் பிறகுதான் தொடங்குகின்றன.

முதலில் நோயைப் பற்றி. ஜெர்மன் ஷெப்பர்ட் நாய்களில் இதை 1973-இல் விவரித்தார்கள். இன்று பெம்ப்ரோக் வெல்ஷ் கார்கி, பாக்ஸர், ரொடீஷியன் ரிட்ஜ்பேக், செசபீக் பே ரெட்ரீவர் என்று பல இனங்களில் பார்க்கிறோம். பெரும்பாலும் எட்டு வயதைத் தாண்டிய நாய்களுக்கே வரும். ஒரு பின்னங்கால் லேசாகத் தடுமாறும். பாதம் மடங்கித் தரையில் இழுபடும். நடு விரல்களின் நகங்கள் மட்டும் அதிகமாகத் தேய்ந்திருக்கும். வலி இருக்காது. தொட்டால் கத்தாது, சாப்பாட்டைக் குறைக்காது, வாசலில் ஆள் வந்தால் பழையபடி குரைக்கும். வலியில்லை என்பதாலேயே குடும்பத்தினர் தாமதமாக வருகிறார்கள். மூட்டுத் தேய்மானம் என்று நினைத்து மாதக்கணக்கில் வலி மாத்திரை கொடுத்த பிறகு என் மேசைக்கு வரும் நாய்கள் நிறைய.

அதன்பின் இரண்டு பின்னங்கால்களும் செயலிழக்கும். சிறுநீர், மலம் கட்டுப்படாமல் போகும். தூக்கிப் பராமரிக்கக்கூடிய அளவுள்ள நாய்கள் இன்னும் சில காலம் வாழும். அவற்றுக்கு முன்னங்கால்களும், கடைசியில் விழுங்குவதும் மூச்சு விடுவதும்கூடப் பாதிக்கப்படும். பெரிய நாய்கள் அந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை, அதற்கு முன்பே குடும்பம் கருணைக்கொலை முடிவை எடுக்க வேண்டியதாகிவிடுகிறது. முறையான இயன்முறைப் பயிற்சி தினமும் பெறும் நாய்கள் சற்றுக் கூடுதல் காலம் நடக்கின்றன. நோயை நிறுத்தும் மருந்து எதுவும் இதுவரை நிரூபிக்கப்படவில்லை.

2009-இல் மிசோரி பல்கலைக்கழகமும் பிராட் நிறுவனமும் சேர்ந்து நடத்திய ஆய்வில் காரண மரபணு பிடிபட்டது: எஸ்ஓடி1. இதே மரபணு, நரம்புகள் சிதைந்து தசைகள் செயலிழக்கும் மனிதர்களின் ஏஎல்எஸ் நோயோடு தொடர்புடையது என்று 1993-லேயே தெரிந்திருந்தது. நாய்களின் ஆய்வில் என்னை இன்றும் வியக்க வைப்பது அதன் அளவு. நோயுள்ள 38 கார்கிகள், நோயற்ற உறவுக்கார கார்கிகள் 17. இவ்வளவுதான் தொடக்கம். மனிதர்களில் இப்படியொரு தேடலுக்குப் பெரும்பாலும் ஆயிரக்கணக்கானவர்கள் தேவைப்படுவார்கள். நாய் இனங்கள் சில மூதாதைகளிலிருந்து நெருங்கிய உறவுக்குள்ளேயே பெருகியவை. அதனால் நீளமான டிஎன்ஏ துண்டுகள் தலைமுறை தலைமுறையாகக் கலையாமல் இறங்குகின்றன. நோயை எந்தத் துண்டு சுமக்கிறது என்பதைச் சில டஜன் நாய்களை வைத்தே நெருங்கிவிடலாம். டாஷா என்ற பாக்ஸர் பெண் நாயின் முழு மரபணுத் தொகுதி 2005-இல் வெளியானது இந்தத் தேடலுக்குப் பெரிய அடித்தளம். இன விருத்தி நாய்களுக்குச் செய்த கேட்டில் ஆராய்ச்சிக்குக் கிடைத்த ஒரே அனுகூலம் இது என்று எனக்குத் தோன்றும்.

சரி, பரிசோதனை எதைச் சொல்கிறது? ஒவ்வொரு மரபணுவும் தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகளாக வருகிறது. இரண்டும் பிறழ்ந்திருந்தால் நாய்க்கு ஆபத்து உண்டு. ஒன்று மட்டும் என்றால் அது கேரியர், அதாவது பிறழ்வைக் குட்டிகளுக்குக் கடத்தக்கூடிய நாய். இரண்டும் சரியாக இருந்தால் இந்தப் பிறழ்வால் நோய் வராது. இங்கே ‘ஆபத்து’ என்ற சொல்லைக் கவனியுங்கள். இரண்டு பிரதிகளும் பிறழ்ந்த நாய்கள் பல, கடைசிவரை நன்றாக நடந்து வேறு காரணத்தால் இறக்கின்றன. இந்தப் பிறழ்வு நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களில் பரவியிருக்கிறது, ஆனால் நோய் அத்தனை இனங்களிலும் அதே அளவில் தெரிவதில்லை.

இரண்டு விதமான துயரங்களை இந்த ஒரு பரிசோதனையை வைத்து நான் பார்க்கிறேன். இரண்டு வயது நாய்க்கு ‘ஆபத்து’ என்று முடிவு வந்ததும் அது நாளையே நடக்காமல் போய்விடும் என்று நினைத்து அழும் குடும்பங்கள் ஒரு பக்கம். அவர்களிடம் பொறுமையாகப் பேசினால் போதும். இன்னொரு பக்கம்தான் எனக்கு அதிகக் கவலை. பின்னங்கால் விழுந்த ஒரு கார்கி, கையில் ‘இரண்டு பிரதி’ என்ற அறிக்கை. "இது டி.எம்.தான், செய்ய ஒன்றுமில்லை" என்று யாரோ சொல்லி, ஸ்கேன்கூட எடுக்காமல் வைத்திருப்பார்கள். எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தால் முதுகெலும்புத் தட்டு பிதுங்கித் தண்டுவடத்தை அழுத்திக்கொண்டிருக்கும். அறுவை சிகிச்சையில் எழுந்து நடக்க வாய்ப்புள்ள நாய் அது. அறிக்கையில் இரண்டு பிரதி இருந்தாலும் காலை விழச்செய்தது அந்தப் பிறழ்வுதான் என்று பொருளில்லை. தட்டு, கட்டி, வீக்கம் என்று மற்ற காரணங்களை ஒவ்வொன்றாக விலக்கிய பிறகே டி.எம். என்ற பெயரைச் சொல்ல வேண்டும். உறுதியான கண்டறிதலோ நாய் இறந்த பின் தண்டுவடத்தை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் கிடைக்கும்.

அப்படியானால், ஒரே பிறழ்வை வைத்துக்கொண்டு ஒரு நாய் ஒன்பது வயதில் விழுகிறது, இன்னொன்று பதினான்கு வயதிலும் படி ஏறுகிறது. இரண்டாவதைக் காப்பது எது? ஆராய்ச்சிப் பணம் போக வேண்டிய இடம் இந்தக் கேள்விதான் என்பது என் உறுதியான எண்ணம். 2016-இல் ஒரு சிறு வெளிச்சம் கிடைத்தது: பெம்ப்ரோக் கார்கிகளில் எஸ்பி110 என்ற நோயெதிர்ப்பு சார்ந்த மரபணுவின் வேறுபாடுகள், நோய் வரும் வாய்ப்போடும் வரும் வயதோடும் தொடர்புடையவை என்று தெரிந்தது. அது ஒரு இனத்தில் கிடைத்த விடை. மற்ற இனங்களில் காப்பவை எவை என்பது தெரிந்தால் எந்த ஜோடியைச் சேர்ப்பது என்பதையும் தெளிவாகச் சொல்லலாம், மருந்துக்கான வழியும் திறக்கலாம். மனிதர்களில் எஸ்ஓடி1 வகை ஏஎல்எஸ் நோய்க்கு, அந்தப் புரதம் உருவாவதையே குறைக்கும் டோஃபெர்சென் என்ற மருந்துக்கு 2023 ஏப்ரலில் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. இதே மரபணுவால் இயற்கையாக நோய்வாய்ப்படும் விலங்கு நம் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. இரு தரப்பு ஆராய்ச்சியும் ஒன்றுக்கொன்று கைகொடுக்கும் காலம் இது.

நாய் நோய்க்கான பணம் மனிதர்களுக்கும் பயன்படும் என்பது வெறும் பேச்சல்ல. டாக்ஸ்ஹண்ட் குட்டிகளில் டிபிபி1 மரபணுப் பிறழ்வால் வரும் ஒரு கொடிய மூளைச் சிதைவு நோய் உண்டு. அதே மரபணுவால் குழந்தைகளுக்கும் வருகிறது. குறைபடும் நொதியை மூளைக்குள்ளேயே செலுத்தும் சிகிச்சை அந்த டாக்ஸ்ஹண்ட்களில் சோதிக்கப்பட்டது. குழந்தைகளுக்கான செர்லிபோனேஸ் ஆல்ஃபா மருந்துக்கு 2017-இல் ஒப்புதல் கிடைத்தது. டாபர்மேன்களின் கதை இன்னும் நீண்டது. உற்சாகத்தில் திடீரென்று சரிந்து தூங்கிவிடும் நார்கோலெப்சி நாய்களை ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 1970-களிலிருந்து ஆராய்ந்தார்கள். விழித்திருக்க உதவும் ஹைப்போகிரெட்டின் என்ற மூளை வேதிப்பொருளை உணரும் ஏற்பியின் மரபணுதான் காரணம் என்று எமானுவேல் மின்யோவின் குழு கண்டுபிடித்தது 1999-இல். அடுத்த ஆண்டே மனித நோயாளிகளின் தண்டுவட நீரில் ஹைப்போகிரெட்டின் இல்லாதது தெரிந்தது. அந்த ஏற்பிகளைத் தடுக்கும் தூக்க மருந்து 2014-இல் ஒப்புதல் பெற்றது. ஓரிரு ஆண்டில் பலன் காட்டு என்று கேட்கும் நிதியை மட்டும் நம்பியிருந்தால் அந்த நாய்களின் ரத்தம் பாதியிலேயே குப்பைக்குப் போயிருக்கும்.

பணம் எங்கே செலவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும். மரபணுவை வாசிப்பதுதான் பெரிய செலவு என்று பலர் நினைக்கிறார்கள். அந்தச் செலவு ஆண்டுக்கு ஆண்டு குறைந்துகொண்டே வந்திருக்கிறது. குறையாதவை வேறு. ஒவ்வொரு நாயையும் நரம்பியல் மருத்துவர் பார்த்து உறுதி செய்ய வேண்டும். எம்ஆர்ஐ, தண்டுவட நீர்ப் பரிசோதனை வேண்டும். இறந்த பின் நோயியல் நிபுணர் வேண்டும். மாதிரிகளை மைனஸ் 80 டிகிரியில் பல ஆண்டுகள் காக்கும் உறைபெட்டி வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை குடும்பங்களை அழைத்து "நாய் எப்படி இருக்கிறது?" என்று கேட்டுக் குறித்துவைக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆளின் சம்பளத்துக்கு நன்கொடை கேட்டால் யாரும் மனமுவந்து தருவதில்லை. ஆனால் அந்த ஆள் இல்லாத தரவுத்தளத்தில் ‘நோயற்ற நாய்’ என்று பதிவான நாய்க்கு அடுத்த ஆண்டே நோய் வந்திருக்கும், யாருக்கும் தெரிந்திருக்காது. முழு ஆய்வும் கோணலாகிவிடும்.

அரசு நிதி வளர்ப்பு நாய்களின் நோய்களுக்கு அரிதாகவே வருகிறது. 1948-இல் தொடங்கிய மோரிஸ் அனிமல் ஃபவுண்டேஷன், 1995-இல் தொடங்கிய அமெரிக்கன் கென்னல் கிளப்பின் ஆரோக்கிய அறக்கட்டளை போன்றவையும், அந்தந்த இனத்துக்கான கிளப்களும்தான் பெரும் சுமையைத் தாங்குகின்றன. இந்த அமைப்பு எவ்வளவு நொய்மையானது என்பதற்கு இங்கிலாந்தின் அனிமல் ஹெல்த் டிரஸ்ட் சாட்சி. நாய் மரபணு ஆராய்ச்சியில் உலகப் பெயர் பெற்றிருந்த அந்த நிறுவனம் நிதி நெருக்கடியால் 2020 ஜூலையில் மூடப்பட்டது. அங்கிருந்த கென்னல் கிளப் மரபியல் மையம் 2021-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் மீண்டும் உயிர் பெற்றது. மறு இடம் கிடைக்காத மாதிரிச் சேமிப்புகளுக்கு என்ன கதி நேரும் என்று நினைக்கவே எனக்கு அச்சமாக இருக்கிறது. இறந்துபோன நாயின் ரத்தத்தை மறுபடி எடுக்க முடியாது.

அதனால் நன்கொடை கொடுக்கும் முன் தயங்காமல் கேளுங்கள். பணம் எந்த நோய்க்கு, எந்த ஆய்வகத்துக்குப் போகிறது? ஆய்வுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் உண்டா? முடிவு சாதகமாக இல்லாவிட்டாலும் வெளியிடுவார்களா? நிறுவனம் மூடப்பட்டால் மாதிரிகள் யாரிடம் போகும்? கடைசிக் கேள்விக்கு எழுத்தில் பதில் வைத்திருப்பவர்களை நான் அதிகம் மதிப்பேன். கிளப்களுக்கு என் வேண்டுகோள்: ஒரே தடவையில் பெரிய தொகை கொடுத்துப் படம் எடுத்துக்கொள்வதைவிட, ஆண்டுதோறும் சிறு தொகை உறுதியாகத் தருவது ஆய்வாளருக்குப் பல மடங்கு பயன்படும்.

பிரீடர்களிடம் தனியாக ஒன்று. உங்கள் ஈற்றில் பிறந்த நாய்க்கு நோய் வந்துவிட்டது என்று தெரிந்தால் மறைக்காதீர்கள். பெயர் கெட்டுவிடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆய்வகங்கள் நாயின் பெயரையும் உங்கள் பெயரையும் வெளியிடுவதில்லை; குறியீட்டு எண்தான் போகும். கேரியர் என்று தெரிந்த ஒவ்வொரு நல்ல நாயையும் இனப்பெருக்கத்திலிருந்து ஒதுக்கவும் வேண்டாம். கேரியரைப் பிறழ்வில்லாத நாயோடு சேர்த்தால் இரண்டு பிரதி கொண்ட குட்டி பிறக்காது. பிறழ்வு மிகப் பரவிய இனத்தில் ஒரே தலைமுறையில் எல்லாவற்றையும் களைந்தால் மரபணு வளம் சுருங்கி வேறொரு நோய் தலைதூக்கும்.

பணம் தர முடியாதவர்களும் இதில் பங்கெடுக்கலாம். நோயுள்ள நாயென்றால் இப்போதே அதன் நடையைப் பக்கவாட்டிலிருந்தும் பின்னாலிருந்தும் வீடியோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பெடிகிரி சான்றிதழ், ஸ்கேன் அறிக்கைகளைப் பத்திரப்படுத்துங்கள். இறந்த பின் தண்டுவடத்தைத் தானமாகத் தர விரும்பினால், முன்கூட்டியே உங்கள் மருத்துவரிடம் சொல்லிப் படிவத்தை முடித்துவிடுங்கள். உடலை உறைய வைக்கக் கூடாது. உறைந்தால் பனித்துகள்கள் திசுவைச் சிதைத்து நுண்ணோக்கியில் எதுவும் தெரியாமல் செய்துவிடும். குளிர்ச்சியாக மட்டும் வைத்து, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் கொண்டுவர வேண்டும்.

ஆய்வாளர்களுக்குக் கிடைக்க மிகவும் அரிதானது நோயுள்ள நாயின் மாதிரி அல்ல. ஆரோக்கியமான கிழ நாயின் மாதிரி. நோய் வந்த குடும்பங்கள் தாங்களாகவே முன்வருகின்றன. பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலும் நன்றாக நடக்கும் ஜெர்மன் ஷெப்பர்டோ கார்கியோ பாக்ஸரோ வைத்திருப்பவருக்குத் தம் நாய் ஆராய்ச்சிக்குத் தேவைப்படும் என்றே தோன்றுவதில்லை. உங்களிடம் அப்படியொரு நாய் இருந்தால், அடுத்த முறை தடுப்பூசிக்குப் போகும்போது, ஒரு குழாய் ரத்தம் எடுத்து எந்த ஆய்வுக்கு அனுப்பலாம் என்று மருத்துவரிடம் கேளுங்கள். அனுப்பிய பிறகு அவர்கள் ஆண்டுக்கொருமுறை தொலைபேசியில் அழைத்தால் பதில் சொல்லுங்கள்.