"இப்போ ரொம்ப அமைதியாயிட்டா, மேடம்"

பிள்ளைகளைப் பற்றி ஆலோசனை கேட்க வரும் பெற்றோர் என்னிடம் நிம்மதியோடு சொல்லும் வாசகங்களில் என்னை அதிகமாகக் கவலைப்பட வைப்பது இதுதான்.

இரண்டு வருடங்களுக்கு முன் ஒரு அப்பா தன் மகளோடு வந்தார். பதினொன்றாம் வகுப்புப் பெண். மகளின் படிப்புக்காக ஊரில் இருந்த நிலத்தை விற்றுவிட்டு நகரத்துக்குக் குடிவந்த குடும்பம். "ஆறு மாசத்துக்கு முன்னாடி ஒரே ரகளை. புத்தகத்தைத் தூக்கி எறிவா, கதவைச் சாத்திக்குவா. ஒருநாள் ராத்திரி வீட்டைவிட்டே கிளம்பிட்டா. பஸ் ஸ்டாண்டுல போய்க் கூட்டிட்டு வந்தோம். இப்போ ரொம்ப அமைதியாயிட்டா, மேடம். சொன்ன பேச்சைக் கேக்குறா. என்ன, சாப்பாடுதான் கொஞ்சம் கம்மியாயிடுச்சு. அதைக் காட்டத்தான் வந்தோம்."

அந்தப் பெண் துப்பட்டாவின் ஓரத்தில் பிரிந்திருந்த நூலை விரல் நுனியில் சுற்றிக்கொண்டே இருந்தாள். விரல் வெளுக்கும்வரை சுற்றுவாள், அவிழ்ப்பாள், மறுபடி சுற்றுவாள். நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு "ம், நல்லா இருக்கேன்" என்றாள். (அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதுவதற்கு அவர்களிடம் அனுமதியும் வாங்கியிருக்கிறேன்.)

அன்று அந்த அப்பாவிடம் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. அவரும் அவர் மனைவியும் சேர்ந்து உட்கார்ந்து ஒரு படம் பார்க்க வேண்டும் என்று மட்டும் கேட்டுக்கொண்டேன். "கார்ட்டூன் படமா?" என்றார். ஆமாம் என்றேன். கொஞ்சம் வருத்தத்தோடுதான் எழுந்து போனார்.

அந்தப் படம் 'இளவரசி காகுயாவின் கதை'. ஜப்பானின் ஸ்டூடியோ கிப்லியில் இசாவோ தகாஹாதா இயக்கியது. 2013இல் வெளிவந்தது. தகாஹாதா 1935இல் பிறந்தவர், 2018இல் காலமானார். இதுதான் அவர் இயக்கிய கடைசிப் படம். இதன் மூலக்கதை ஆயிரம் வருடங்களுக்கு மேல் பழையது. 'மூங்கில் வெட்டுபவரின் கதை' என்று பெயர். ஜப்பானிய மொழியில் இன்று கிடைக்கும் கதை நூல்களில் மிகப் பழையது இதுதான் என்பார்கள். அங்கே பள்ளிக்கூடம் போன எல்லோருக்கும் இந்தக் கதை தெரியும்.

கதை இதுதான். மூங்கில் வெட்டப் போன ஒரு கிழவர், ஒளிவீசும் மூங்கிலுக்குள் உள்ளங்கை அளவுக்கு ஒரு பெண் குழந்தையைக் காண்கிறார். பிள்ளை இல்லாத அந்தக் கிழவரும் கிழவியும் அவளை வளர்க்கிறார்கள். அடுத்து வெட்டும் மூங்கில்களில் தங்கம் கொட்டுகிறது. படத்தில் பட்டுத் துணிகளும் வருகின்றன. இவளைத் தலைநகரில் இளவரசியாக வாழவைக்க வேண்டும் என்பதற்கு மேலுலகம் கொடுக்கும் அடையாளம் இது என்று கிழவர் முடிவு செய்கிறார். மாளிகை கட்டுகிறார், ஆசிரியை வைக்கிறார், பெரிய இடத்து மாப்பிள்ளைகள் வருகிறார்கள். கடைசியில் நிலவிலிருந்து ஆட்கள் வந்து அவளை அழைத்துப் போய்விடுகிறார்கள்.

மூலக்கதையில் அவள் மூன்றே மாதத்தில் வளர்ந்துவிடுகிறாள். அந்த மாதங்களில் அவள் என்ன விளையாடினாள், யாரோடு பழகினாள் என்று அதில் எதுவும் இல்லை. தகாஹாதா அந்த இடத்தில்தான் ஒரு குழந்தைப் பருவத்தை வரைந்து வைக்கிறார். தவளையைப் பார்த்துத் தவளை போலவே தாவித் தவழ்கிறாள். ஊர்ப் பிள்ளைகள் அவளுக்கு 'தாக்கெனோக்கோ' என்று பெயர் வைக்கிறார்கள். மூங்கில் குருத்து என்று அர்த்தம். அப்பாவோ "ஹிமே" என்றுதான் கூப்பிடுவார், இளவரசி என்று. ஒரு காட்சியில் பிள்ளைகள் ஒரு பக்கம் "தாக்கெனோக்கோ, தாக்கெனோக்கோ" என்று கூப்பிட, இந்தப் பக்கம் கிழவர் "ஹிமே, வா" என்று கூப்பிட, இரண்டு பெயர்களுக்கும் நடுவில் அந்தக் குழந்தை தத்தித் தத்தி நடக்கிறது. கடைசியில் அவரிடம் போகிறது. கிழவர் அழுதுவிடுகிறார். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் தொண்டை அடைத்துக்கொள்ளும். அவருடைய பாசத்தில் கலப்படமே இல்லை.

இந்தப் படம் கையால் வரையப்பட்டது என்பதை இங்கே சொல்ல வேண்டும். என் வேலைக்கு இந்தப் படம் பயன்படுவதற்கு அதுவும் ஒரு காரணம். பொதுவாக அனிமேஷனில் பென்சில் கோடுகளைச் சுத்தம் செய்து, மூடிய கோட்டுக்குள் சீராக வண்ணம் நிரப்புவார்கள். இதில் கோடுகள் அப்படியே விடப்பட்டிருக்கின்றன. சில இடங்களில் தடிக்கும், சில இடங்களில் மெலியும், சில இடங்களில் அறுந்துபோகும். கசுவோ ஓகா தீட்டிய பின்னணிகள் நீர்வண்ணத்தில் கரைந்து, ஓரங்களில் வெறும் வெள்ளைத் தாளாக நின்றுவிடுகின்றன. ஒசாமு தனாபே வடிவமைத்த மனிதர்கள் யாரோ இப்போதுதான் வரைந்து முடித்த மாதிரி இருக்கிறார்கள். படம் முடிய எட்டு வருடம் பிடித்தது. அந்தக் கோடு அவள் மனதோடு சேர்ந்தே மாறும். அவள் மகிழ்ந்தால் கோடு இளகும். அவளுக்குக் கோபம் வந்தால் கோட்டுக்கும் கோபம் வரும்.

பெயர் சூட்டு விழாக் காட்சியைச் சொல்கிறேன். மூன்று நாள் விருந்து. யாருக்காக விருந்தோ அந்தப் பெண் திரைக்குப் பின்னால் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். குடித்துவிட்டு வந்தவர்கள் அவளைக் காட்டச் சொல்லிக் கிழவரைக் கேலி பேசுகிறார்கள். அவள் எழுந்து ஓடுகிறாள். கதவுகளைத் தள்ளிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தியிருந்த அங்கிகளை வழியெங்கும் உதிர்த்துக்கொண்டு, நிலவொளியில் மலையை நோக்கி ஓடுகிறாள். அந்த நேரத்தில் கோடுகள் கரித்துண்டால் கிறுக்கியவை போல் ஆகிவிடுகின்றன. முகம் இல்லை, கை கால் இல்லை, ஓட்டம் மட்டும் இருக்கிறது.

எல்லோரும் பேசுவது இந்தக் காட்சியைப் பற்றித்தான். நான் பெற்றோரைப் பார்க்கச் சொல்வது இதற்கு அடுத்து வருவதை.

அவள் பழைய ஊருக்குப் போகிறாள். கூட விளையாடியவர்கள் வேறு மலைக்குப் போய்விட்டார்கள். பனியில் விழுகிறாள். கண் விழித்தால் மறுபடி மாளிகை. நடந்தது கனவா நிஜமா என்று நமக்கும் தெரியாது. அதன்பின் அவள் மாறிவிடுகிறாள். அதுவரை ஆசிரியை புருவத்தைப் பிடுங்க வந்தால் சண்டை போட்டவள் அவள். வேர்வை வழிந்தால் கண்ணுக்குள் போகுமே என்று கேட்டவள். இளவரசியும் மனுஷிதானே, வேர்க்கும், சத்தமாகச் சிரிக்கத் தோன்றும் என்று வாதாடியவள். இப்போது முகத்தைக் கொடுத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். நிமிர்ந்து உட்காருகிறாள், மெதுவாகப் பேசுகிறாள். ஆசிரியைக்கு ஆனந்தம். அப்பாவுக்கு அதைவிட ஆனந்தம். கோடு மட்டும் அழகாக, அசையாமல், செத்துப்போன மாதிரி ஆகிவிடுகிறது.

பஸ் ஸ்டாண்டிலிருந்து கூட்டிவரப்பட்ட அந்தப் பெண் என் எதிரில் உட்கார்ந்திருந்ததும் அப்படித்தான்.

பதினான்கு வருட அனுபவத்தில் சொல்கிறேன். பிள்ளை கத்துகிறாள், கதவை அறைகிறாள் என்றால், நாம் கேட்போம் என்ற நம்பிக்கை அவளுக்கு இன்னும் மிச்சம் இருக்கிறது. பெரிய ரகளைக்குப் பிறகு, நம் பக்கம் எதுவும் மாறாமலேயே பிள்ளை அடங்கிப்போனால், கொஞ்சம் நின்று பாருங்கள். சில பிள்ளைகளுக்கு உண்மையிலேயே மனம் ஆறியிருக்கும். அது தெரிந்துவிடும். பசிக்கும், தூங்குவார்கள், தம்பியோடு சண்டை போடுவார்கள், எதற்காவது அடம்பிடிப்பார்கள். ஆசை இருக்கிற இடத்தில் அடம் இருக்கும். எதைக் கேட்டாலும் "சரிப்பா", "உங்க இஷ்டம்மா" என்று வருகிறது, சாப்பாடு குறைகிறது, பிடித்த விஷயங்கள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன, ராத்திரி வெகுநேரம் விழித்தே கிடக்கிறாள் என்றால், 'பிள்ளை திருந்திவிட்டாள்' என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

"ஆரம்பத்துல அவளேதானே ஆசைப்பட்டா?" என்பது பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி. அதற்கும் படத்தில் பதில் இருக்கிறது. மாளிகைக்கு வந்த முதல் நாள் காகுயா குதிக்கிறாள். வண்ண வண்ணப் பட்டுகளைப் போர்த்திக்கொண்டு அறை அறையாக ஓடுகிறாள். அந்தச் சந்தோஷம் நிஜம். ஆனால் அவள் சந்தோஷப்பட்டது துணியின் நிறத்தைப் பார்த்து. அந்தத் துணிக்குள் வாழப்போகும் வாழ்க்கைக்கு அவள் சம்மதம் சொல்லவில்லை. பதினைந்து வயதில் டாக்டர்கள் போடும் வெள்ளைக் கோட்டைப் பார்த்து ஆசைப்பட்ட பிள்ளையிடம், பதினேழு வயதில் "நீதானே கேட்ட" என்று கணக்குக் காட்டுவது நியாயம் இல்லை.

அந்த வீட்டில் அம்மா ஒருத்தி இருக்கிறாள். பெரிய மாளிகையின் பின்பக்கம் பழைய வீட்டைப் போலவே ஒரு சின்ன இடத்தை வைத்துக்கொண்டு, அங்கே சமைப்பாள், தறி நெய்வாள். மகள் அங்கே வந்து உட்கார்ந்து மூச்சு விடுவாள். அம்மாவுக்கு எல்லாம் புரிகிறது. இருந்தும் கணவரிடம் எதிர்த்து ஒன்றும் சொல்வதில்லை. என்னிடம் வரும் அம்மாக்களில் நிறையப் பேர் இப்படித்தான். மகளுக்குப் பின்கட்டில் இடம் கொடுப்பார்கள், கூடத்தில் அவளுக்காகப் பேச மாட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. அந்தப் பின்கட்டுதான் பல பிள்ளைகளைக் காப்பாற்றிக்கொண்டு இருக்கிறது. ஆனால் அது மட்டும் போதாமல் போகும் நாளும் வரும்.

அந்த நாள் படத்தில் இப்படி வருகிறது. பேரரசர் திரைக்குள் நுழைந்து அவளைப் பின்னாலிருந்து கட்டிப்பிடிக்கிறார். அந்தக் கணத்தில் 'எனக்கு இங்கே இருக்க வேண்டாம்' என்று அவள் மனம் தன்னை அறியாமல் கூவிவிடுகிறது. அது நிலவுக்குக் கேட்டுவிடுகிறது. அதற்குப் பிறகு ராத்திரி ராத்திரியாக நிலவைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று அப்பாவும் அம்மாவும் கேட்டபோதுதான் உண்மையைச் சொல்கிறாள். நான் போக விரும்பவில்லை, ஆனால் கூப்பிட்டுவிட்டேன், இனி நிறுத்த முடியாது என்று. உன் சந்தோஷத்துக்காகத்தானே எல்லாம் செய்தேன் என்று கிழவர் கதறுகிறார். நீங்கள் எனக்காக ஆசைப்பட்ட அந்தச் சந்தோஷம்தான் எனக்குத் தாங்க முடியாததாக இருந்தது என்கிறாள் மகள்.

என் அறையில் இதே வார்த்தைகளை வேறு வேறு குரல்களில் கேட்டிருக்கிறேன். "எங்கயாவது போயிடணும்போல இருக்கு." "நான் இல்லாம இருந்தா உங்களுக்கு நிம்மதி." பெரும்பாலான பிள்ளைகளுக்குச் சாக வேண்டும் என்ற ஆசை இல்லை. அந்த வலி நிற்க வேண்டும், அவ்வளவுதான். காகுயாவும் அப்படித்தான். கடைசி நிமிடம்வரை அவளுக்குப் பூமி வேண்டும்.

மூலக்கதையில் ஒரு இடம் உண்டு. மகளை அரண்மனைக்கு அனுப்பினால் கிழவருக்குப் பதவி தருவதாகப் பேரரசர் சொல்லி அனுப்புகிறார். கிழவர் ஆசையோடு வந்து மகளிடம் சொல்கிறார். அவள், உங்களுக்குப் பதவி வாங்கிக் கொடுத்துவிட்டு நான் செத்துப்போக வேண்டியதுதான் என்கிறாள். கிழவர் பதறிப்போகிறார். அப்படிச் செய்துவிடாதே, என் பிள்ளையைப் பார்க்க முடியாமல் போனால் பதவியை வைத்து என்ன செய்வேன் என்கிறார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய அந்தக் கிழவர் 'சும்மா மிரட்டுகிறாள்' என்று சொல்லவில்லை. மகள் சொன்னதை அப்படியே நம்பினார்.

நம் வீடுகளில் 'சினிமா வசனம் பேசாதே' என்று வாயை அடைத்துவிடுகிறோம். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பிள்ளை இப்படி ஒரு வார்த்தை சொன்னால், கையில் இருக்கும் வேலையை வைத்துவிட்டு உட்காருங்கள். "சாகணும்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று பயப்பட வேண்டாம், அப்படி வராது. கேட்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும். ஆமாம் என்று சொன்னால் அறிவுரை சொல்லத் தொடங்காதீர்கள், தனியாகவும் விடாதீர்கள். மாத்திரை, பூச்சி மருந்து மாதிரி எதுவும் கைக்கு எட்டாமல் எடுத்து வையுங்கள். அன்றைக்கே மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். 14416 என்ற எண்ணில் இயங்கும், அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். பெற்றோரும் கூப்பிடலாம்.

சரி, அந்த அப்பா என்ன ஆனார் என்று சொல்ல வேண்டும்.

பத்து நாள் கழித்து மூன்று பேருமாக வந்தார்கள். படத்தைப் பற்றி அவர் பேசவே இல்லை. உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் மேஜையைப் பார்த்தார். அப்புறம் மகள் பக்கம் திரும்பி, "உனக்கு என்ன வேணும் பாப்பா?" என்றார்.

அவள் வழக்கம்போல, "நீங்க சொல்றதே சரிப்பா" என்றாள்.

"அது இல்ல. உனக்கு என்ன வேணும்?"

பதில் வரவில்லை. ஒரு நிமிடம் இருக்கும், இரண்டு நிமிடம்கூட இருக்கலாம். முதல் தடவை வந்தபோது மகளுக்கான எல்லாப் பதிலையும் தானே சொன்ன மனிதர் வாயே திறக்கவில்லை. அம்மா ஏதோ சொல்ல வந்தபோதும் அவர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். அந்தப் பெண் நூலைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். பிறகு விரலிலிருந்து அதை அவிழ்த்தாள்.

"ஞாயித்துக்கிழமை டியூஷன் வேணாம்ப்பா. நான் ஆத்தா வீட்டுக்குப் போயிட்டு வரணும்."

"போலாம்மா" என்றார். "இந்த வாரமே போலாம்."