தாத்தா ஏன் இரண்டு பேராக வருகிறார்?

"எங்கள் வம்சாவளிக் கோப்பையும் சித்தப்பா மகன் வைத்திருந்ததையும் சேர்த்தேன். தாத்தா இரண்டு தடவை வருகிறாரே?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

வம்சாவளி மென்பொருள்கள் தகவலைப் பரிமாறிக்கொள்வது பெரும்பாலும் ஜெட்காம் என்ற வடிவத்தில். 1984-இல் வந்தது, வெறும் உரைக்கோப்புதான். அதில் ஆளுக்கொரு எண். இன்னார் மகன் இன்னார் என்பதெல்லாம் அந்த எண்களை வைத்துத்தான். அந்த எண் அந்தக் கோப்புக்குள் மட்டுமே செல்லும் என்பதால், சேர்க்கும்போது வந்து சேரும் ஆட்களுக்குப் புது எண் போட்டுவிடுவார்கள். சரி, அது சுலபம். இரண்டு கோப்பிலும் ஒரு கந்தசாமி இருந்தால், இருவரும் ஒரே ஆளா என்பதுதான் கஷ்டம்.

இதற்கான அழகான கணக்கை 1969-இல் ஃபெலெகி, சன்டர் என்ற இரு புள்ளியியலாளர்கள் கொடுத்தார்கள். ஒவ்வொரு பொருத்தத்துக்கும் ஓர் எடை உண்டு. இரண்டு பதிவிலும் 'ஆண்' என்றிருந்தால் என்ன தெரிகிறது? முன்பின் தெரியாத இருவரை எடுத்தாலும் பாதி நேரம் பொருந்துமே! ஒரே ஆள் என்றால் அநேகமாக எப்போதும் பொருந்தும், வேறு ஆள் என்றால் பாதி நேரம். ஆக, அந்தச் சாட்சியின் பலம் இரண்டு மடங்குதான். ஊரில் ஐம்பதில் ஒருவர் கந்தசாமி என்றால், பெயர்ப் பொருத்தத்தின் பலம் ஏறக்குறைய ஐம்பது மடங்கு. ஆயிரத்தில் ஒருவருக்கே இருக்கும் அமிர்தகடேசன் பொருந்தினால் ஆயிரம் மடங்கு! அபூர்வமான பெயர்தான் உரக்கப் பேசும். பெயர், ஊர், பிறந்த வருடம் என்று மடங்குகளைப் பெருக்கிக்கொண்டே போகலாம், அவை ஒன்றையொன்று சாராத வரை.

நம் வீடுகளில் அங்கேதான் இடிக்கிறது. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்போம். ரா. கந்தசாமியின் மகன் க. ராமசாமி, அவர் மகன் மறுபடியும் ரா. கந்தசாமி. பெயர், இனிஷியல், ஊர் மூன்றும் அச்சு அசலாகப் பொருந்தும். பிறந்த வருடம் விடுபட்டிருந்தால் கணக்கு ஏமாந்துவிடும். இருவரையும் ஒன்றாக்கினால் அந்த மனிதர் தனக்கே தாத்தா! நல்ல மென்பொருள் மகனிலிருந்து அப்பா, அப்பாவின் அப்பா என்று ஏறிப் பார்த்து, கிளம்பிய இடத்துக்கே திரும்பினால் எச்சரிக்கும்.

தாத்தாவையும் பேரனையும் சட்டென்று பிரித்துக் காட்டுவது அவரவர் மனைவியின் பெயர். பல வீட்டு வம்சாவளியில் அதைத்தான் எழுதாமல் விட்டிருப்பார்கள். எனக்கு இதில் கோபமே உண்டு. ஆண்களை மட்டும் எழுதிய மரம் அரை மரம், அதை எந்தக் கணக்காலும் சரியாக ஒட்ட முடியாது.

வாசகரே, 'எல்லாவற்றையும் இணை' பொத்தானைத் தொடாதீர்கள். இரண்டு கோப்பையும் நகலெடுத்து வைத்துக்கொண்டு, இரண்டிலும் பாட்டியின் பெயரையும் அவர் பிறந்த ஊரையும் சேருங்கள். அப்புறம் ஒப்பிடச் சொல்லுங்கள்.