கார்பன் காசு வர்றதுக்கு முன்னாடியே அதுக்கு விதி எழுதி வைக்கணும்

டெல்லியில ஆடிட் வேலை பார்க்கிறேன். அரசாங்க கிராண்ட்ல நடக்கிற சுற்றுச்சூழல் ப்ராஜெக்ட்டுகளோட கணக்கைப் பார்த்து யூட்டிலைசேஷன் சர்டிபிகேட்ல கையெழுத்து போடணும், இங்க எல்லாரும் யூசின்னு தான் சொல்வாங்க. இவ்வளவு வந்துது, இவ்வளவு செலவாச்சு, பயனாளிகளுக்குப் போய்ச் சேர்ந்துதுன்னு அதுல வரிசையா இருக்கும். அந்த கடைசி வரியை எதை வச்சு எழுதறாங்கன்னு ஃபைலைப் புரட்டினா பெரும்பாலும் ஒரு விநியோக லிஸ்ட், கொஞ்சம் கைநாட்டு, நாலு போட்டோ, அவ்வளவு தான்.

நம்ம தமிழ் ஜனங்க அதிகமா இருக்கிற ஒரு பஸ்திக்கு, அதாவது குடிசைப் பகுதிக்கு, சோலார் குக்கர் குடுத்த கணக்கைப் பார்க்கப் போனேன். பில் சரி, ஜிஎஸ்டி சரி, லிஸ்ட்ல இருக்கிற பேரும் சரி. வீட்டுக்குள்ள போனா குக்கர் கட்டிலுக்கு அடியில கிடக்கு, உள்ள அரிசி பை, மூடியில இருந்த கண்ணாடியைக் கழட்டி செவுத்துல மாட்டி அதுல தலை சீவிக்கிறாங்க. ஏங்க்கா இப்படின்னு கேட்டா அந்தக்கா சொன்னாங்க, "வெயில் அடிக்கிற நேரத்துல நான் நாலு வீட்டுல பாத்திரம் தேய்ச்சுக்கிட்டு இருப்பேன் தம்பி, இதுல எப்ப சோறு வைக்கிறது? எங்களைக் கேட்டிருந்தா இந்தத் தகரக் கூரைக்கு ஏதாவது பண்ணிக் குடுங்கன்னு சொல்லியிருப்போம், மே மாசம் ராத்திரி உள்ள படுக்க முடியல." கூரைக்கு வெள்ளை கூல் ரூஃப் பெயிண்ட் அடிக்கிறதும் க்ளைமேட் ப்ராஜெக்ட் தானே, செலவும் ரொம்ப ஆகாது, ஆனா யாரும் கேக்கல.

இதை இப்ப எழுதறதுக்குக் காரணம் இருக்கு. இந்தியாவுல கார்பன் மார்க்கெட் வருது, அதாவது புகையை டார்கெட்டுக்கும் மேல குறைச்ச கம்பெனி, அதுக்குக் கிடைக்கிற சர்டிபிகேட்டை, குறைக்காத கம்பெனிக்கு விக்கலாம். 2022ல எரிசக்தி சேமிப்புச் சட்டத்தைத் திருத்தினாங்க, 2023 ஜூன்ல கார்பன் க்ரெடிட் டிரேடிங் ஸ்கீமை நோட்டிஃபை பண்ணினாங்க, 2025 அக்டோபர்ல சிமெண்ட், அலுமினியம், பேப்பர் மாதிரி தொழிற்சாலைகளுக்குப் புகையை எவ்வளவு குறைக்கணும்னு டார்கெட் விதிகளும் வந்துடுச்சு. டார்கெட்டை எட்டாம, அதுக்கு ஈடா சர்டிபிகேட்டும் வாங்காம விட்டா, சர்டிபிகேட்டோட சராசரி விலையைப் போல 2 மடங்கு சுற்றுச்சூழல் இழப்பீடு கட்டணும். இப்போதைக்குப் புகை விடற உரிமத்தை அரசாங்கம் ஏலம் விடறது இல்ல, நல்லா பண்ற கம்பெனிக்கு சர்டிபிகேட்டை சும்மா தான் குடுக்கறாங்க, அதனால கஜானாவுக்குப் பெரிய காசு இன்னும் வரல. நாளைக்கு ஏலம் வந்தா வரும். காசு வந்தப்புறம் விதி எழுதினா என்ன ஆகும்னு நமக்கு ஏற்கெனவே தெரியும்.

2010ல நிலக்கரிக்கு டன்னுக்கு 50 ரூபாய் செஸ்னு ஒரு தனி வரி போட்டாங்க, 2016ல அது 400 ஆச்சு. சுத்தமான எரிசக்திக்குன்னு தனி ஃபண்டே வச்சாங்க. 2017-18 வரைக்கும் வசூலானது சுமார் 86,000 கோடி, அந்த ஃபண்டுக்குப் போனது 30,000 கோடிக்கும் கீழ, அதுலயும் செலவானது 16,000 கோடிக்கும் கொஞ்சம் கீழ தான். ஜிஎஸ்டி வந்ததும் அந்த செஸ் மாநிலங்களோட வருவாய் இழப்பை ஈடுகட்டப் போயிடுச்சு. யாரும் திருடினாங்கன்னு சொல்லல, பேர் ஒண்ணு செலவு ஒண்ணுன்னு ஆகறதைத் தடுக்க பலமா ஒரு விதி இல்ல, அது தான் விஷயம். நம்ம டெல்லி மெட்ரோ 2012லேர்ந்து 2018 வரைக்கும் சேர்த்த 35.5 லட்சம் கார்பன் க்ரெடிட்டை, அதாவது புகையைக் குறைச்சதுக்குக் கிடைச்ச சான்றை, வித்து 19.5 கோடி சம்பாதிச்சுது, நல்ல விஷயம், சந்தோஷம், ஆனா அந்த மாதிரி வருமானத்துல இவ்வளவு பங்கு ஏழை ஜனங்க இருக்கிற இடத்துக்குப் போகணும்னு நம்ம நாட்டுல பொது விதி எதுவும் கிடையாது.

கலிஃபோர்னியாவுல இருக்கு. அங்க 2012 நவம்பர்ல கார்பன் ஏலம் ஆரம்பிச்சுது, அந்த வருஷமே ஏலப் பணத்துல 25 சதவீதம் மாசும் வறுமையும் சேர்ந்து அடிக்கிற பகுதிகளுக்குப் பயன்படணும்னு சட்டம் போட்டாங்க. "பயன்படணும்"னு இருந்தா எங்கயோ பண்ணிட்டு அவங்களுக்கும் பயன் தான்னு எழுதிடலாம் இல்லையா, அதனால 2016ல திருத்தி, அந்த 25 சதவீதம் அந்தப் பகுதிக்கு உள்ளயே செலவாகணும், அதுக்கு மேல குறைஞ்ச வருமானக்காரங்களுக்கு 10 சதவீதம்னு இறுக்கினாங்க. எந்தப் பகுதின்னு அதிகாரி இஷ்டத்துக்கு முடிவு பண்ண முடியாது, அதுக்கு ஒரு மேப் இருக்கு, காத்து, தண்ணி, ஆஸ்துமா, வேலையில்லாமை எல்லாம் சேர்த்து மார்க் போடறாங்க, இங்கிலீஷ் சரியா வராத வீடுகள் எவ்வளவுங்கிறது கூட அதுல ஒரு கணக்கு. இந்தி சரியா வராம ரேஷன் ஆபீஸ்ல நின்ன நம்ம ஆளுங்களுக்கு இது ஏன்னு விளக்கவே வேண்டாம்.

இந்தப் பணத்துக்குக் கலிஃபோர்னியாவோட ஏர் ரிசோர்சஸ் போர்டு எழுதின வழிகாட்டியில எனக்கு ரொம்பப் பிடிச்சது ரெண்டு. ஒரு டிபார்ட்மெண்ட் பணத்தைத் தொடறதுக்கு முன்னாடியே, இதால புகை எப்படிக் குறையும், அதை எப்படி அளந்து காட்டுவோம்னு எழுதி வெளியிடணும், செலவு பண்ணிட்டு அப்புறம் காரணம் தேட முடியாது. ரெண்டாவது, ஏழைகளுக்குப் பயன்னு கணக்குல ஏத்தணும்னா மூணும் இருக்கணும்: இடம் அந்தப் பகுதியா இருக்கணும், அந்த ஜனங்களோட முக்கியமான தேவையா இருக்கணும், நேரடியா உறுதியா பயன் கிடைக்கணும். அந்த சோலார் குக்கரை இதுல வச்சுப் பாருங்க, முதல் படி பாஸ், ரெண்டாவதுலயே நின்னுடும். ப்ராஜெக்ட் வாரியா கணக்கும் வெளிய வந்துடும், யார் வேணாலும் பார்க்கலாம்.

அங்கயும் எல்லாம் ஒழுங்குன்னு சொல்ல மாட்டேன். ஏலப் பணத்துல கால்வாசியைப் பல வருஷமா ஹைஸ்பீட் ரயிலுக்கே ஒதுக்கினாங்க, ரயில் இன்னும் ஓடல. மாட்டுப் பண்ணைகள்ல மீத்தேன் பிடிக்கிற ப்ளாண்டுக்குப் பணம் போச்சு, ஒரு டன் குறைக்க செலவு கம்மின்னு கணக்கு அழகா வரும், ஆனா பக்கத்து ஊர்க்காரங்க நாத்தமும் கெட்டுப்போன கிணத்துத் தண்ணியும் எங்களுக்கு, காசு பண்ணைக்காரருக்கான்னு கேக்கறாங்க. டன் கணக்கு மட்டும் பார்த்தா இது தான் நடக்கும்.

அந்த வழிகாட்டியில இன்னொண்ணும் இருக்கு, ப்ராஜெக்ட்டால குடியிருக்கிறவங்களைக் கிளப்பற மாதிரி ஆகக் கூடாது. டெல்லி ஜங்புராவுல தமிழர் குடியிருந்த மதராஸி கேம்ப் 2025 ஜூன் 1ஆம் தேதி இடிஞ்சப்போ டெல்லித் தமிழர்ல கலங்காதவங்க யாரு? பாராபுல்லா நாலாவை, அதாவது அந்தப் பெரிய வடிகாலை, சுத்தம் பண்ண கோர்ட் உத்தரவு, அது கார்பன் காசுல நடந்தது இல்ல, ஆனா 370 வீட்டுல 189 குடும்பத்துக்குத் தான் வீடு, அதுவும் நகரத்தோட வடகோடியில நரேலாவுல. வெள்ளத் தடுப்பு, நாலாக் கரையில பசுமைப் பாதைன்னு க்ளைமேட் பணத்துல நாளைக்கு வரப்போற வேலை எல்லாம் இதே மாதிரி கரைகள்ல தான் வரும், அங்க குடியிருக்கிறதும் நம்ம ஆளுங்க தான். வேலை கிட்ட இல்லாத இடத்துல வீடு குடுத்தா அது நஷ்டம் தான்னு விதியிலயே எழுதணும்.

சங்கம், ஆர்டபிள்யூஏன்னு சொல்ற குடியிருப்போர் நலச் சங்கம், என்ஜிஓ நடத்தறவங்களுக்கு ஒரு வேண்டுகோள். 2025 ஏப்ரல்ல டார்கெட் விதிகளோட வரைவு வந்தப்போ கருத்து சொல்ல 60 நாள் குடுத்தாங்க. அடுத்த வரைவு வரும்போது நம்ம சங்கத்து லெட்டர்ஹெட்லேர்ந்து ரெண்டு பக்கமாவது போகட்டும். பணத்துக்குத் தனி அக்கவுண்ட் வேணும், இத்தனை சதவீதம் பஸ்திக்கு உள்ளயே செலவாகணும், ப்ராஜெக்ட் முடிஞ்சு ஒரு வருஷம் கழிச்சு வீட்டுக்குள்ள போய்ப் பார்த்த ரிப்போர்ட் இல்லாம யூசி செல்லாதுன்னு கேளுங்க. அப்புறம் தேவை என்னன்னு கேக்கிற கூட்டம் மத்தியானம் 12 மணிக்கு டிஎம் (கலெக்டர் மாதிரி மாவட்ட அதிகாரி) ஆபீஸ்ல வேண்டாம், வேலைக்குப் போன பொம்பளைங்க திரும்பி வந்தப்புறம் ராத்திரி எட்டு மணிக்கு பஸ்தியிலயே நடக்கணும், தமிழ் பேசறவங்க இருக்கிற இடத்துல தமிழ்லயும் நடக்கணும், யார் என்ன கேட்டாங்கன்னு எழுதி அவங்க கையெழுத்தோட ஃபைல்ல முதல் பக்கமா இருக்கணும்னும் சேர்த்து எழுதுங்க.