20 நிமிடச் சமையலில் குறைக்கக் கூடாத நிமிடங்கள்

உணவு ஆலோசனைக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி, நேற்று இரவு வீட்டில் அடுப்பு எரிந்ததா என்பதுதான். இல்லை என்கிறவர்கள் சொல்லும் காரணம் பெரும்பாலும் ஒன்றே: நேரம் இல்லை. அதை நான் சாக்குப்போக்காக எடுத்துக்கொள்வதில்லை. நாள் முழுக்க வேலை செய்துவிட்டு வருகிறவருக்கு அரிசி களைவதே மலைப்பாக இருக்கும். அந்தக் களைப்புக்கு ஏற்ற சமையலைச் சொல்லித் தராமல் ஊட்டச்சத்துப் பட்டியலை மட்டும் கையில் கொடுத்து அனுப்பினால், அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்ததும் இழுப்பறைக்குள் போய்விடும்.

நேரம் எங்கே போகிறது என்று அவர்களுடன் உட்கார்ந்து எழுதிப் பார்த்திருக்கிறேன். அரிசியும் பருப்பும் வேக ஆகும் நேரம் சொற்பம். என்ன சமைப்பது என்று யோசிக்க, இல்லாத பொருளை வாங்கி வர, ஒவ்வொரு வகைக்கும் தனியாக நறுக்க, கடைசியில் அத்தனை பாத்திரங்களையும் தேய்க்க என்றுதான் மாலைப்பொழுது கரைகிறது. ஒரு வேளைச் சாப்பாடு என்றால் பல வகைகள் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தை விட்டாலே பாதிச் சுமை இறங்கிவிடும். தானியம், பருப்பு, காய் மூன்றும் சேர்ந்து ஒரே பாத்திரத்தில் வெந்தால் அது முழுமையான சாப்பாடு. களைத்தவர்களுக்கான சலுகையாக இதைச் சொல்லவில்லை, சத்துக் கணக்கைப் பார்த்தே சொல்கிறேன்.

சமைக்காத இரவுகளில் பெரும்பாலோர் பட்டினி கிடப்பதில்லை, பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். அதனால் என்ன ஆகிறது என்பதைக் காட்டும் ஆய்வு ஒன்று 2019-இல் வெளியானது. அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனங்களில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை நான்கு வாரங்கள் ஆய்வு மையத்திலேயே தங்கவைத்தார்கள். இரண்டு வாரங்கள் ஆலைகளில் மிகையாகப் பதப்படுத்தப்பட்ட உணவு, இரண்டு வாரங்கள் அதிகம் பதப்படுத்தாத உணவு. பரிமாறப்பட்ட கலோரி, சர்க்கரை, கொழுப்பு, நார்ச்சத்து, உப்பு ஆகியவை இரண்டிலும் ஏறக்குறைய சமம். வேண்டிய மட்டும் சாப்பிடலாம். பதப்படுத்திய உணவு கிடைத்த வாரங்களில் அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி கூடுதலாகச் சாப்பிட்டார்கள். எடை சராசரியாக 0.9 கிலோ கூடியது, மற்ற இரண்டு வாரங்களில் அதே அளவு குறைந்தது. 20 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் இவ்வளவு கட்டுப்பாட்டோடு உணவு ஆய்வுகள் நடப்பது அரிது. நான் நேரில் காண்பதும் இதே திசையில்தான் இருக்கிறது. எளிமையான வீட்டுச் சாப்பாட்டுக்குத் திரும்பியவர்கள் அளவு குறைக்கச் சொல்லாமலேயே அளவாகச் சாப்பிடத் தொடங்குகிறார்கள்.

அலமாரியில் இருக்க வேண்டியவை கொஞ்சம்தான். அரிசி அல்லது வேறு தானியம், சீக்கிரம் வேகும் உடைத்த மசூர் பருப்பு, முட்டை, வெங்காயம், தக்காளி, பூண்டு, கீரையோ உறையவைத்த பட்டாணியோ, எலுமிச்சை, எண்ணெய், அயோடின் கலந்த உப்பு. இதற்கு மேல் இருப்பதெல்லாம் ருசிக்காக. ருசி வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் ஏதோ ஒரு மசாலாப் பொருள் இல்லை என்பதற்காக அடுப்பைப் பற்றவைக்காமல் இருப்பதுதான் எனக்கு வருத்தம்.

நான் அடிக்கடி எழுதிக் கொடுக்கும் ஒரு சமையல் இது. மூன்று பேருக்கு ஒரு கப் அரிசி, அரைக் கப் மசூர் பருப்பு. இரண்டையும் ஒன்றாகக் களைந்து வைத்துவிட்டு, அடிகனமான பாத்திரத்தில் இரண்டு தேக்கரண்டி எண்ணெய் விட்டு, நறுக்கிய வெங்காயத்தையும் நசுக்கிய பூண்டையும் வதக்குங்கள். தக்காளியைச் சேர்த்துக் குழையும் வரை விடுங்கள். அரிசி, பருப்புடன் நான்கு கப் தண்ணீர் ஊற்றி, கொதி வந்ததும் தீயைத் தணித்து மூடிவிடுங்கள். 20 நிமிடத்தில் வெந்துவிடும். அந்த நேரத்தில் நீங்கள் அடுப்பருகே நிற்க வேண்டியதில்லை, முகம் கழுவலாம், பிள்ளையின் வீட்டுப்பாடத்தைப் பார்க்கலாம். இறக்குவதற்கு மூன்று நிமிடம் முன்பு, கழுவி நறுக்கிய கீரையை மேலே பரப்பி மீண்டும் மூடுங்கள். உப்பும் எலுமிச்சைச் சாறும் அடுப்பை அணைத்த பிறகு.

இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. தக்காளியின் சிவப்பு நிறத்தைத் தரும் லைகோபீன், எண்ணெயோடு சேர்ந்து வெந்தால் உடலில் நன்றாகச் சேரும், பச்சையாகச் சாப்பிட்டால் அந்த அளவுக்குச் சேராது. கீரையிலும் எலுமிச்சையிலும் இருக்கும் வைட்டமின் சி நேர் எதிர், நெடுநேரச் சூட்டில் அழியும், தண்ணீரில் கரைந்து போகும். அதனால் அது கடைசியில் சேர்கிறது. பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்புச்சத்தைக் குடல் எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. பக்கத்தில் வைட்டமின் சி இருந்தால் கூடுதலாக ஏற்கும், டீயோ காபியோ இருந்தால் குறைவாக ஏற்கும். ரத்தசோகை உள்ளவர்கள் சாப்பாட்டுக்கும் டீக்கும் இடையில் ஒரு மணி நேரமாவது விடுவது நல்லது. அரிசியின் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு, அந்தக் குறையை அரிசி தீர்த்துவைக்கிறது. 100 கிராம் மசூர் பருப்பில் ஏறக்குறைய 24 கிராம் புரதம் உண்டு. இந்தச் சமையலில் ஒருவருக்கு 12 கிராம் அளவுக்குப் புரதம் கிடைக்கும், அவித்த முட்டை ஒன்றைச் சேர்த்தால் இன்னும் 6 கிராம்.

உறையவைத்த காய்கறியில் சத்து இல்லை என்று பலர் ஒதுக்குகிறார்கள். பறித்த சிறிது நேரத்திலேயே கொதிநீரிலோ ஆவியிலோ லேசாக வாட்டி உறையவைப்பதால், பல நாட்கள் வாடிக் கிடந்த காயைவிட அது பல நேரம் மேலானதாகவே இருக்கும். குக்கர் சத்தைக் கொன்றுவிடும் என்ற பயமும் வேண்டாம். உள்ளே அழுத்தம் கூடுவதால் தண்ணீர் 120 டிகிரி செல்சியஸ் வரை போய்த்தான் கொதிக்கிறது, வேகும் நேரம் குறைகிறது, தண்ணீரும் குறைவாகத்தான் தேவைப்படுகிறது. பருப்பு சீக்கிரம் வேக வேண்டும் என்று சமையல் சோடாவைப் போடுவதை மட்டும் நிறுத்திவிடுங்கள். அந்தக் காரத்தன்மை தயமின் எனப்படும் வைட்டமின் பி1-ஐ அழிக்கிறது. ஊறவைப்பது அதே வேலையைச் சேதமில்லாமல் செய்யும்.

இதுவரை சொன்னவற்றில் தவறு நேர்ந்தால் ருசியோ சத்தோ குறையும், அவ்வளவுதான். இனிச் சொல்லப்போகும் இடங்களில் அவசரப்பட்டால் மருத்துவமனைக்குப் போக வேண்டிவரும். விரைவாகச் சமைப்பது எப்படி என்று சொல்கிறவர்கள் இவற்றை ஏனோ சொல்லாமல் விடுகிறார்கள்.

முதலில் சோறு. ஒரே தடவையில் அதிகமாக வடித்து மறுநாளுக்கும் வைத்துக்கொள்வது நல்ல யோசனைதான். ஆனால் அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் விதைத்துகள்கள் இயல்பாகவே இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் அவை சாவதில்லை. வெந்த சோறு இளஞ்சூட்டில் அடுப்பு மேடையில் கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி, செரூலைடு என்ற நஞ்சைச் சுரக்கின்றன. இந்த நஞ்சை எந்த வீட்டு அடுப்பாலும் அழிக்க முடியாது. மறுநாள் ஆவி பறக்கச் சூடாக்கினாலும் பாக்டீரியா சாகும், நஞ்சு அப்படியே இருக்கும். சாப்பிட்ட சில மணி நேரத்துக்குள் கடுமையான வாந்தி தொடங்கும். 'நன்றாகச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டோம்' என்று குழம்பிப்போய்க் கேட்பவர்களுக்கு நான் இதைத்தான் விளக்குகிறேன். சோறு கெட்டது சூடாக்குவதற்கு முன்பே, வெளியே கிடந்த நேரத்தில்.

5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்ட வெப்பத்தில்தான் நோய்க்கிருமிகள் வேகமாகப் பெருகுகின்றன. சமைத்த உணவு அறை வெப்பத்தில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. சோற்றுக்கு நான் அதையும் குறைத்து ஒரு மணி நேரம் என்றே சொல்வேன். பெரிய பாத்திரத்தில் குவிந்திருக்கும் சோற்றின் நடுப்பகுதி பல மணி நேரம் இளஞ்சூட்டிலேயே இருக்கும். அகலமான தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் விரைவில் ஆறும். பிறகு சிறு டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வைத்து மறுநாளே முடித்துவிடுங்கள். சூடு முழுதாக ஆறிய பிறகுதான் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும் என்று காத்திருந்து, அப்படியே தூங்கிப்போகிறவர்கள் நிறையப் பேர். ஆவி அடங்கி இளஞ்சூடு இருந்தால் போதும், சிறு டப்பாக்களை உள்ளே வைத்துவிடலாம்.

அடுத்தது ராஜ்மா. புரதத்துக்காக இப்போது பலர் சேர்த்துக்கொள்கிறார்கள், சேர்க்கவும் வேண்டும். ஆனால் வேகாத சிவப்பு ராஜ்மாவில் பைட்டோஹெமகுளூட்டினின் என்ற நச்சுப் புரதம் மிகுதி. நான்கைந்து விதைகளே போதும், சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வந்துவிடும். குறைந்தது ஐந்து மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் தளதளவென்று கொதிக்க வேண்டும். குறைந்தது 10 நிமிடம் என்பது பொதுவான அளவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 30 நிமிடம் என்கிறது, நானும் அதையே பரிந்துரைக்கிறேன். அதற்குப் பிறகு மென்மையாகும் வரை தொடரலாம். காலையில் போட்டுவிட்டுப் போனால் மாலையில் வெந்திருக்கும் என்று விற்கப்படும் மெதுசூட்டு மின்பாத்திரங்களில் பச்சை ராஜ்மாவை நேரடியாகப் போடவே கூடாது. கொதிநிலையை எட்டாமல் 80 டிகிரி அளவில் கிடந்தால் அதன் நச்சுத்தன்மை பச்சை விதையில் இருப்பதைவிட ஐந்து மடங்கு வரை கூடலாம். குக்கரில் மெத்தென்று வெந்ததும், டின்னில் அடைத்து வருவதும் பாதுகாப்பானவை. டின்னில் வருவது ஏற்கெனவே வெந்ததுதான், தண்ணீரில் ஒருமுறை அலசினால் அதிலுள்ள உப்பில் ஒரு பகுதியும் போய்விடும்.

பூண்டை உரித்து நசுக்கி எண்ணெயில் ஊறப்போட்டு, சமையலறையில் வெளியே வைத்துக்கொள்ளும் பழக்கம் பரவி வருகிறது. வேலை மிச்சம்தான், ஆபத்தோ பெரிது. மண்ணிலிருந்து பூண்டோடு ஒட்டி வரும் கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் காற்றில்லாத இடத்தில் வளரும். எண்ணெய்க்குள் காற்றுப் புகாது. அது சுரக்கும் நஞ்சு நரம்புகளைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது, மணத்திலோ ருசியிலோ அது தெரியவும் தெரியாது. வேண்டுமானால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாட்களுக்குள் தீர்த்துவிடுங்கள். அதைவிட, நசுக்கிய பூண்டைச் சிறு துண்டுகளாக உறையவைத்து எடுத்துப் போடுவது இன்னும் சுலபம்.

கோழி இறைச்சியைக் குழாயடியில் கழுவ வேண்டாம். தெறிக்கும் துளிகள் பக்கத்தில் இருக்கும் தட்டுக்கும் பச்சைக் காய்க்கும் கிருமியைக் கொண்டுபோகும். கிருமியைக் கொல்வது வெப்பம், தண்ணீர் அந்த வேலையைச் செய்யாது. உறைந்த இறைச்சியை இளக்க முந்தைய இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். மைக்ரோவேவில் எதைச் சூடாக்கினாலும் நடுவில் ஒருமுறை கிளறுங்கள், அது சீராகச் சூடாக்காது. முளைவிட்டுப் பச்சை பாரித்த உருளைக்கிழங்கில் சோலனைன் இருக்கும், வேகவைத்தாலும் போகாது. லேசாகப் பச்சையாக இருந்தால் அந்தப் பகுதியை ஆழமாக வெட்டி எறியலாம், அதிகமாகப் பரவியிருந்தாலோ கசந்தாலோ முழுக்கிழங்கையும் எறிந்துவிடுங்கள்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் கீழே. அவசரச் சமையலில் உடனடி ருசிக்காகப் போடும் சுவையூட்டிக் கட்டிகளிலும் பொடிகளிலும் உப்பே பிரதானம். அவற்றைப் போட்ட பிறகு பழக்கத்தில் இன்னொரு முறையும் உப்புப் போடுகிறோம். வெங்காயத்தைப் பொன்னிறமாகும் வரை பொறுமையாக வதக்குவதும், கடைசியில் பிழியும் எலுமிச்சையும் தரும் ருசியில் உப்பின் தேவை தானாகவே குறையும்.

வாரக் கடைசியில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தால், வாரம் முழுக்கச் சமைத்து அடுக்க முயல வேண்டாம். இரண்டு வேளைக்கான கொண்டைக்கடலையையோ ராஜ்மாவையோ வேகவைத்து, வேளைக்கு ஒரு டப்பா வீதம் தேதி எழுதி உறையவைத்தால் போதும். எந்த நாளில் என்ன சாப்பாடு என்பதை ஒரு தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். களைப்போடு கதவைத் திறக்கும்போது யோசிக்க ஒன்றும் மிச்சமிருக்கக் கூடாது. ஒரே சாப்பாடு வாரத்தில் இரண்டு முறை வந்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

இதையெல்லாம் படித்துவிட்டுச் சிறுநீரக நோயாளிகள் பருப்பையும் கீரையையும் தாங்களாகவே கூட்டிக்கொள்ள வேண்டாம். அவர்களுக்குப் புரதத்துக்கும் பொட்டாசியத்துக்கும் தனி அளவு உண்டு, அதைச் சிகிச்சை தரும் மருத்துவர்தான் வகுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் மேலே சொன்ன ஒற்றைப் பாத்திரச் சமையலில் அரிசியைப் பாதியாக்கிப் பருப்பையும் காயையும் கூட்டலாம், ஆனால் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்கள் அந்த மாற்றத்தைத் தங்கள் மருத்துவரிடம் சொல்லிவிட்டுத் தொடங்க வேண்டும். கர்ப்பிணிகளும் சிறு குழந்தைகளும் வயதானவர்களும் சாப்பிடும் வீட்டில் முட்டையின் மஞ்சள் கரு கெட்டியாகும் வரை வேகட்டும்.