கவுண்டர்பாயிண்ட்டுக்கு 'எதிர்ப்புள்ளி' வேண்டாமே

யூட்யூப்ல மேற்கத்திய இசைய தமிழ்ல விளக்குற வீடியோ எதைத் தொறந்தாலும் 'எதிர்ப்புள்ளி'ன்னு காதுல விழுது. ரெண்டு மூணு தனி மெட்டு ஒரே நேரத்துல சேர்ந்து ஒலிக்கிற மாதிரி அமைக்கிற கலைதான் கவுண்டர்பாயிண்ட், அதுக்கு இது தமிழாம். எந்தப் புள்ளி, எதுக்கு எதிர்?

லத்தீன்ல 'புங்க்டுஸ் கோன்ட்ரா புங்க்டும்', புள்ளிக்கு நேரா புள்ளி. அந்தக் காலத்துல சுரத்தை புள்ளியா எழுதினதால புள்ளின்னா சுரம், அவ்ளோதான். 1725ல வியன்னால ஃபுக்ஸ்ங்கற இசையமைப்பாளர் போட்ட கவுண்டர்பாயிண்ட் பாடநூலும் ஒரு சுரத்துக்கு ஒண்ணு, அப்புறம் ரெண்டு, அப்புறம் நாலுன்னுதான் படிப்படியா போகும்.

சரி, புள்ளி வேணாம், 'எதிரிசை'ன்னு வெச்சுக்கலாமேன்னு சிலர் சொல்றாங்க. இதுதான் இன்னும் மோசம். நம்மூர்ல கவுண்டர் குடுக்கறதுன்னா பதிலடி, அந்த நெனப்புலயே ரெண்டு மெட்டு சண்டை போடுதுன்னு விளக்கமும் குடுத்துடறாங்க. மேல ஒருத்தர் ஸ ரி க-ன்னு ஏற, அதே நேரம் கீழ் ஸ்தாயில இன்னொருத்தர் க ரி ஸ-ன்னு இறங்கினா அது எதிர்த்திசை, ஒத்துக்கறேன். ஆனா ஒருத்தர் ஸ-லயே நிக்க இன்னொருத்தர் மட்டும் நகரலாம், ரெண்டு பேரும் ஒரே பக்கம் வேற வேற தூரம் போகலாம், ஒரே இடைவெளில சேர்ந்தே கூட நடக்கலாம். நாலு வகை நகர்வுல ஒண்ணை மட்டும் புடிச்சு மொத்த கலைக்கும் பேரா வெச்சா எப்படி?

'இணைமெட்டு'ம் ஆகாது. ஒரே இடைவெளில சேர்ந்து நடக்கறதைத்தான் இணைன்னு சொல்வாங்க, அதுலயும் ஸ-வும் ப-வும் ஜோடி போட்டு அதே இடைவெளில அடுத்த சுரத்துக்கு நகர்றதை எந்த வாத்தியாரும் சிவப்பு மைல சுழிப்பார், ஏன்னா ரெண்டு குரல் ஒரே குரலா கேட்டுடும். அப்புறம் இணைன்னு பேரு வெச்சா படிக்கிற பசங்க குழம்பாம என்ன செய்வாங்க.

நான் 'மெட்டுப்பின்னல்'னு சொல்றேன். சடைல ஒவ்வொரு காலும் தன் வழில போயும் சேர்ந்து நிக்கறது போல, ஒவ்வொரு மெட்டும் தனியா பாடினாலும் முழுசா இருக்கணும், ஒரு மெட்டை குரல் குரலா அடுத்தடுத்து எடுத்துப் பின்னுற ஃபியூக்னு ஒரு வகை, ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் எழுதினது அப்படித்தான் நிக்குது. இல்ல கவுண்டர்பாயிண்ட்னே எழுதுங்க, தமிழ் ஒண்ணும் கெட்டுப்போயிடாது, அர்த்தம் தப்பான தமிழ்ச்சொல்தான் கெடுக்கும்.

மொழிபெயர்க்கறவங்க அகராதிய மட்டும் பாக்கறாங்க, பாட்டை காது குடுத்துக் கேக்கறதில்ல. ஹார்மனிக்கும் ஒத்திசைவு, கவுண்டர்பாயிண்ட்டுக்கும் ஒத்திசைவு, சிம்பொனிக்கும் அதேதான். மயிலாப்பூர் சபால பாடகர் பாடினதையே வயலின் கொஞ்சம் தள்ளி தொடர்ந்தா அதையும் கவுண்டர்பாயிண்ட்னு விமர்சனத்துல எழுதறாங்க. அங்க ஓடறது ஒரே மெட்டுங்க, பின்னறதுக்கு இன்னொண்ணு வேணுமே.