மாடல் ஜெட்டுக்குப் பெரிய டர்பைன்: ஐடிலில் எவ்வளவு தள்ளுகிறது என்று பார்த்தீர்களா?

ரேடியோ மூலம் இயக்கும் மாடல் ஜெட்டுகளுக்கு டர்பைன் (குட்டி ஜெட் இன்ஜின்) பொருத்துவதும், பொருத்தியதைச் சோதித்துக் கொடுப்பதும்தான் டெக்சாஸில் என் வேலை. போன வருடம் தம்பி ஒருவர் ஒரு பயிற்சி ஜெட்டைக் கொண்டுவந்தார். எரிபொருள் இல்லாமல் 11 கிலோ. அதற்கு 8 முதல் 12 கிலோ த்ரஸ்ட் (இன்ஜின் முன்னுக்குத் தள்ளும் விசை) போதும் என்று கையேட்டிலேயே போட்டிருந்தது. அவர் வாங்கி வைத்திருந்ததோ 21 கிலோ த்ரஸ்ட் கொடுக்கும் டர்பைன்.

"அண்ணா, பெருசா போட்டா என்ன தப்பு? த்ராட்டிலைக் குறைச்சு ஓட்டிக்கறேன்" என்றார்.

வேண்டாம் என்றேன். வேறொரு இடத்தில் பொருத்திக்கொண்டார். மூன்றாவது தடவை பறக்கும்போதே முன்சக்கரக் கால் ஒடிந்து, விமானம் மறுபடி என் மேசைக்கு வந்தது. நல்லவேளை, யாருக்கும் அடியில்லை.

நடந்தது இதுதான். த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சியை) முழுக்கக் கீழே இறக்கியும் விமானம் தரையில் உட்காரவில்லை. ஓடுபாதையின் பாதிவரை மிதந்துகொண்டே போய், அப்புறம்தான் சக்கரம் தொட்டது. பிரேக் பிடித்தும் நிற்காமல் புல்லுக்குள் போய்விட்டது.

த்ராட்டிலைக் கீழே இறக்கினால் டர்பைன் ஓய்ந்துவிடாது. ஐடிலிலும், அதாவது மிகக் குறைந்த ஓட்டத்திலும், நிமிடத்துக்கு 30,000 சுற்றுக்கு மேல் சுழன்றுகொண்டு, விமானத்தைத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும். பெட்டி எடை பார்க்கும் கைத்தராசின் கொக்கியை விமானத்தின் வாலில் கட்டி, அந்த இன்ஜினை ஐடிலில் ஓடவிட்டு அவர் கண் முன்னாலேயே அளந்தேன். 700 கிராம் காட்டியது. சக்கரமும் ஃபிளாப்பும் (இறக்கையின் பின்பக்கத் தட்டு) இறக்கி வரும்போது இந்த அளவு விமானத்தைக் காற்று பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 2 கிலோ. வேகத்தைக் குறைக்க வேண்டிய அந்த இழுவையில் மூன்றில் ஒரு பங்கை இன்ஜினே விழுங்கிவிடுகிறது. அப்புறம் எப்படி இறங்கும்? வாங்குகிறவர்கள் முழு த்ரஸ்டைத்தான் கேட்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஐடில் த்ரஸ்டை.

அடுத்தது வேகம். வேகம் இரட்டிப்பானால் இறக்கையிலும் வாலிலும் காற்றின் அழுத்தம் நான்கு மடங்காகும். அவருடைய எலிவேட்டரின் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் தட்டின்) பின்விளிம்பை, செர்வோவுக்கு (அதை அசைக்கும் சிறு மோட்டாருக்கு) மின்சாரம் கொடுத்து வைத்துக்கொண்டே, இரண்டு விரலால் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தேன். 2 மில்லிமீட்டர் ஆட்டம் இருந்தது. மெதுவாகப் பறக்கும்போது இது தெரியவே தெரியாது. வேகம் கூடும்போது அந்தப் பரப்பு படபடவென்று துடிக்க ஆரம்பிக்கும். ஃபிளட்டர் என்கிறோமே, அதுதான். ஓரிரு விநாடியில் வால் பிய்ந்துவிடும். 12 கிலோ எடையும் நெருப்புமாக அது எங்கே போய் விழும் என்பதுதான் என் கவலை. அமெரிக்காவில் அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் அமைப்பு டர்பைன் ஓட்ட தனி வெய்வர் (சிறப்பு அனுமதி) கேட்பதும், மணிக்கு 200 மைல் என்று வேக வரம்பு வைத்திருப்பதும் இதற்காகத்தான்.

மூடியைத் திறந்து பார்த்தால் டெயில்பைப்பை (சூடான வாயு வெளியேறும் குழாயை) தாங்கும் பிளைவுட் சட்டம், தீய்ந்த தோசையின் ஓரம் போலப் பழுப்பேறிக் கிடந்தது. டர்பைனிலிருந்து வெளியேறும் வாயு 600, 700 டிகிரி செல்சியஸ் வரை போகும். சிறிய இன்ஜினுக்கென்று செய்த குழாயில் பெரியது ஊதினால், குழாயைச் சுற்றி ஓட வேண்டிய குளிர்ந்த காற்றுக்குப் போதிய வழியில்லை. முன்னாலுள்ள காற்றுத் துளைகளும் பற்றாது. எரிபொருளும் அப்படித்தான்: 10 கிலோ இன்ஜின் முழு த்ராட்டிலில் நிமிடத்துக்கு 350, 400 மில்லி குடிக்கும், 20 கிலோ இன்ஜினுக்கு 700 வரை வேண்டும். டேங்க் என்னவோ அதே இரண்டரை லிட்டர்தான்.

"வாங்கியாச்சு, இப்ப என்ன பண்றது?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வழி உண்டு. இன்ஜினின் மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியில் உச்சச் சுழற்சியைக் குறைத்து வைக்கலாம். 10 சதவீதம் குறைத்தாலே த்ரஸ்ட் அதைவிட அதிக விகிதத்தில் இறங்கும். அதனால் வேகமும் சூடும் ஓரளவு கட்டுப்படும். ஆனால் ஐடில் த்ரஸ்ட் அப்படியேதான் இருக்கும். பின்பக்கம் கூடின அரைக் கிலோவும், அதைச் சமன்செய்ய மூக்கில் வைத்த ஈயமும் எங்கேயும் போகாது. அதனால் பயிற்சி ஜெட்டுக்கு இந்த வழியை நான் சொல்வதில்லை.

தம்பி கடைசியில் 10 கிலோ இன்ஜினுக்கு மாறினார். எலிவேட்டர் ஆட்டத்தைச் சரிசெய்து, கருகிய சட்டத்தை மாற்றி, மறுபடி தராசில் கட்டினோம். ஐடிலில் 250 கிராம். அந்த வாரக் கடைசியில் ஓடுபாதையின் முதல் மூன்றில் ஒரு பங்கிலேயே சக்கரம் தொட்டது. பிரேக்கை லேசாகத்தான் பிடித்தார்.