போஸ்டர் வரவில்லையென்று நெட் பிளானை மாற்றாதீர்கள்

சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ், அழகாபுரம் பக்கத்து மாடி வீடுகளில் இப்போது இது சகஜம். கீழே ஹாலில் நாஸ் பெட்டி (வீட்டு நெட்வொர்க்கில் படங்களைச் சேமித்து வைக்கும் டிஸ்க் பெட்டி), மாடியில் டிவி. அந்தப் படங்களை டிவியில் பட்டியலிட்டு ஓட்டும் ‘கோடி’ மென்பொருளைத் திறந்ததும் படப் பெயர்கள் வந்துவிடும். போஸ்டர்கள் மட்டும் வெறும் கட்டங்களாக நிற்கும். உடனே நெட் கம்பெனிக்குப் போன் போட்டு 100 எம்பிபிஎஸ் பிளானை 300 ஆக்குவார்கள். தண்டச் செலவு. படத்தோடு நாஸில் கிடக்கும் போஸ்டர், ரவுட்டர் வழியாக மாடி ஏறுகிறது, அவ்வளவுதான். தெருவுக்கே அது போவதில்லை.

எப்போது தாமதமாகிறது என்று முதலில் கவனியுங்கள்.

புதிதாகச் சேர்த்த படங்களுக்கு, அதுவும் முதல் தடவை மட்டும் என்றால் அது கோளாறே இல்லை. 2000க்கு 3000 பிக்சல் போஸ்டரை நாஸிலிருந்து படித்து, சுருக்கி, டிவி பெட்டிக்குள் ‘தம்ப்நெயில்ஸ்’ ஃபோல்டரில் ஒரு பிரதி வைத்துக்கொள்கிறது கோடி. எந்தப் படத்துக்கு எந்தப் பிரதி என்ற கணக்கு ‘டெக்ஸ்சர்ஸ்13.டிபி’ ஃபைலில் இருக்கும். 500 படம் என்றால் போஸ்டரும் ஃபேன்ஆர்ட்டும் (பின்னணிப் படம்) சேர்த்து 1000 ஃபைல். ஒருமுறை பட்டியலை மெதுவாகக் கடைசிவரை நகர்த்திவிடுங்கள். அடுத்த முறை பிரதியிலிருந்தே வரும்.

மாலையில் டிவி போட்டதும் மட்டும் திணறினால், நாஸின் டிஸ்க் தூங்கிப்போயிருக்கும். அது சுழன்று எழ பத்து நொடிவரை ஆகலாம். டிஸ்க் தூங்கப்போகும்முன் காத்திருக்கும் நேரத்தை 20 நிமிடத்திலிருந்து 2 மணி நேரமாக்கிப் பாருங்கள்.

தினமும் எல்லாப் போஸ்டரும் புதிதாக வருவதுபோல் இருந்தால் பிரதி அழிகிறது என்று பொருள். ஆண்ட்ராய்டு பெட்டியில் ‘கிளியர் டேட்டா’ அழுத்தினால் கோடியின் படப் பட்டியலான லைப்ரரியோடு சேர்ந்து இதுவும் போய்விடும். மெமரி நிரம்பி வழியும் சின்ன ஸ்டிக்குகளையும் சந்தேகப்படலாம்.

இன்னொன்று, கரண்ட் கட். மின்சாரம் வந்ததும் ரவுட்டர் நாஸுக்கு வேறு ஐபி (நெட்வொர்க் முகவரி) கொடுத்துவிடலாம், நேற்று 192.168.1.5, இன்று 192.168.1.9. பழைய முகவரியில் படம் கிடைக்காததால் புது முகவரியை கோடியில் இன்னொரு சோர்ஸாக (படம் எடுக்கும் இடமாக) சேர்ப்பார்கள். கோடி பிரதியை முழுப் பாதையை வைத்துத்தான் அடையாளம் காணும். ஆகவே அத்தனை போஸ்டரும் மறுபடி முதலிலிருந்து; பட்டியலில் ஒவ்வொரு படமும் இரண்டிரண்டாக நிற்பது தனித் தலைவலி. ரவுட்டரில் ஐபி வழங்கும் டிஹெச்சிபி பகுதியில் நாஸின் மேக் முகவரிக்கு (கருவியோடு வரும் மாறாத அடையாள எண்) ஒரே ஐபியை ஒதுக்கிவிட்டால் தீர்ந்தது.

இதெல்லாம் சரியாக இருந்தும் இழுத்தால் கேபிளைப் பாருங்கள். 1 ஜிபி ஃபைலை நாஸிலிருந்து காப்பி செய்யுங்கள். கிகாபிட் இணைப்பில் பத்து நொடி சுமாருக்கு முடியும். ஒன்றரை நிமிடம் ஆனால் லைன் 100 எம்பிபிஎஸ்ஸில் ஓடுகிறது. கிகாபிட்டுக்கு எட்டு கம்பியும் வேண்டும். கிரிம்ப் செய்யும்போது, அதாவது கேபிள் முனையில் பிளக் பொருத்தும்போது, ஒன்று விட்டுப்போனாலும் வேகம் சத்தமில்லாமல் இறங்கிவிடும்.

வைஃபையில் இந்தச் சோதனை ஏமாற்றும். போஸ்டர் சின்ன ஃபைல். ஒவ்வொன்றையும் திற, படி, மூடு என்று நாஸோடு பலமுறை போய்வர வேண்டும். ஏற்காட்டுப் பழைய பங்களாவின் தடித்த கல் சுவரைத் தாண்டி வரும் சிக்னலில், ஒரு பெரிய ஃபைல் தட்டுத்தடுமாறி வந்துவிடும். ஆயிரம் சின்ன ஃபைல் வராது. அங்கே கேபிள் இழுப்பதே வழி.

செட்டிங்ஸில் மீடியா, வீடியோஸ் பகுதியில் ‘எக்ஸ்ட்ராக்ட் தம்ப்நெயில்ஸ்’ ஓடிக்கொண்டிருந்தால் அணைத்துவிடுங்கள். போஸ்டர் இல்லாத வீடியோவையெல்லாம் நெட்வொர்க் வழியாகத் திறந்து ஒரு காட்சியைப் பிடுங்க முயலும் வேலை அது.

பிரதியை அழித்தே ஆகவேண்டுமென்றால் கோடியை மூடிவிட்டு, ‘தம்ப்நெயில்ஸ்’ ஃபோல்டரையும் ‘டெக்ஸ்சர்ஸ்13.டிபி’யையும் சேர்த்தே அழியுங்கள். ஃபோல்டரை மட்டும் அழித்தால், இல்லாத பிரதியை இருப்பதாகக் கணக்கு சொல்லிக்கொண்டிருக்கும்.